அமெரிக்கர்கள் உண்மையில் தனிமனிதவாதிகளா? அந்தக் குணத்தின் வேர் எங்கே?

பனிக்காடு (வெர்மான்ட்)

இந்த மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்க்கூட்டம் நடந்தது. அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் பெரும்பாலான ஊர்களில் அதற்கென்றே ஒதுக்கிய நாள் அது. பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வாசலில் பூட்ஸ் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர்கள் நூற்றைம்பது பேர் இருக்கும். ஊரின் வரவுசெலவுக் கணக்கு அச்சடித்த ஆண்டறிக்கை ஆளுக்கொன்று மடியில். அதில் ஒரு வரி, மண்சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி புதிதாக வாங்குவது பற்றி. அந்த ஒரு வரிக்கு ஒன்றேகால் மணி நேரம் பேசினார்கள்.

பால் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் கடைசிவரை எதிர்த்தார். பழைய வண்டியே இன்னும் மூன்று வருடம் ஓடும் என்பது அவர் கட்சி. வாக்கெடுப்பில் தோற்றார். தோற்றதும் மறுபடி எழுந்தார். கோபித்துக்கொண்டு வெளியே போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "வாங்குவது என்று ஆகிவிட்டது. அப்படியானால் அந்த அளவு பிளேடு வேண்டாம், நம் மேட்டுச்சாலையில் அது நிற்காது" என்று சொல்லி, எது வாங்க வேண்டும் என்று விவரமாக விளக்கிவிட்டு உட்கார்ந்தார்.

ஊரில் அண்ணனிடம் பேசும்போதெல்லாம் "அமெரிக்கன்னா தனி ஆள்தானே, சொந்தம் பந்தம் கிடையாது, அவனவன் வேலை அவனவனுக்கு" என்பார். 14 வருடம் இங்கே இருந்துவிட்டு அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இவர்களுக்கும் சொந்தம் உண்டு. நமக்கு அது பிறப்போடு வந்துவிடுகிறது, இவர்கள் கையெழுத்துப் போட்டு உண்டாக்கிக்கொள்கிறார்கள். என் வாதம் இவ்வளவுதான்.

வேர் 1620இல் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் 102 பேர். அவர்கள் கையில் இருந்த அனுமதிப் பத்திரம் வர்ஜீனியாவின் வடபகுதிக்கு. வந்து சேர்ந்ததோ அதற்கும் வடக்கே, கேப் காட் முனையில். கப்பலில் மதத்துக்காக வந்தவர்கள் பாதி, பிழைப்புக்காக வந்தவர்கள் பாதி. "பத்திரம் செல்லாத மண்ணில் எங்களை அதிகாரம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை" என்று இரண்டாவது கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. கரை இறங்குவதற்கு முன்பே ஒரு தாளை எழுதி, நாம் எல்லோரும் ஒரே குடிமைச் சமூகமாகச் சேர்கிறோம், நாமே போடும் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்று 41 ஆண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வசந்தத்துக்குள் வந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். தாள் நின்றது.

1630களில் பாஸ்டன் பக்கம் இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற பியூரிட்டன்கள் சுமார் 20,000 பேர் வந்தார்கள். அவர்கள் திருச்சபை உருவாவதும் இதே வழிதான். பிஷப் அனுப்பி வருவதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, ஒருவருக்கொருவர் உடன்படிக்கை செய்துகொண்டால் அது சபை. ஊர் உருவாவதும் அப்படியே. நான் பார்த்த கிரேடர் கூட்டம் அங்கிருந்துதான் வருகிறது என்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

கல்தூண் (திருநெல்வேலி)

கூட்டத்தைக் கண்முன் கொண்டுவந்து விட்டீர்கள். ஆனால் ஒரு மூலையைப் பார்த்துவிட்டு வீட்டையே அளக்கிறீர்கள் என்று படுகிறது. 30 வருடம் வரலாறு பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அமெரிக்காவுக்கு ஒரு வேர் இல்லை. மேஃபிளவர் வருவதற்கு 13 வருடம் முன்பே, 1607இல், வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் வந்துவிட்டது. அங்கே போனவர்கள் உடன்படிக்கை செய்ய வரவில்லை, முதலில் தங்கத்துக்கும் அப்புறம் புகையிலைக்கும் வந்தார்கள்.

இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் இரண்டே தகவலில் காட்டுவேன். 1647இல் மாசசூசெட்ஸ் ஒரு சட்டம் போட்டது. 50 குடும்பம் உள்ள ஊர், பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆள் வைக்க வேண்டும். 100 குடும்பம் ஆகிவிட்டால் லத்தீன் பள்ளி நடத்த வேண்டும். வேதத்தை ஒவ்வொருவரும் தானே படிக்காவிட்டால் சாத்தான் ஏமாற்றிவிடுவான் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1671இல் வர்ஜீனியாவின் ஆளுநர் வில்லியம் பெர்க்லி லண்டனுக்கு எழுதிய அறிக்கையில் என்ன சொல்கிறார் தெரியுமா? இங்கே இலவசப் பள்ளியும் இல்லை, அச்சகமும் இல்லை, அதற்காகக் கடவுளுக்கு நன்றி, இன்னும் நூறு வருடத்துக்கு அவை வராது என நம்புகிறேன் என்கிறார். படிப்பு கீழ்ப்படியாமையைக் கொண்டுவரும் என்பது அவர் காரணம்.

இருவரும் ஆங்கிலேயர்தான். வேதமும் ஒன்று, ராஜாவும் ஒன்று. ஆனால் வந்த ஆட்கள் வேறு. வடக்கே குடும்பம் குடும்பமாக, கைத்தொழில் தெரிந்த நடுத்தர மக்கள் வந்தார்கள். தெற்கே நிலம் பிடித்த சில கனவான்களும், கப்பல் கூலிக்காகப் பல வருடம் உழைக்க எழுதிக் கொடுத்த இளைஞர்களும் வந்தார்கள். ஆகவே "அமெரிக்கக் குணம்" என்று ஒருமையில் சொல்லும்போதே எனக்கு நெருடுகிறது.

---

ஏலகிரி (டென்னசி)

கல்தூண் ஐயா சொன்னதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன். நான் இருப்பது கிழக்கு டென்னசி மலைப்பகுதி. இங்கே ஊர்க்கூட்டமும் கிடையாது, புகையிலைக் கனவானும் கிடையாது.

முதல் குளிர்காலத்தில் என் கார் ஓடைப்பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாரென்றே தெரியாத ஒருவர் பிக்கப் வண்டியை நிறுத்தினார். பின்னால் கிடந்த இரும்புச் சங்கிலியை எடுத்து மாட்டி, இருபது நிமிடத்தில் இழுத்து வெளியே விட்டார். காசு கொடுக்கப் போனேன். முகம் மாறிவிட்டது. அது உதவி, அதற்கு விலை பேசியது அவருக்கு அவமானம். அப்புறம்தான் தெரிந்தது, அவர் வீடு எனக்கு அடுத்த திருப்பத்தில்தான். அவர் வேலியில் "உள்ளே வராதே" என்று பெரிய பலகை. இரண்டும் ஒரே மனிதர்.

இந்த மலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்த ஸ்காட்ச் வம்சாவளியினர். 1717 தொடங்கி 1775க்குள் இரண்டு லட்சத்துக்கும் மேல் வந்தார்கள் என்பார்கள். குத்தகை உயர்வும் பஞ்சமும் துரத்தின. அவர்கள் பாட்டன் முப்பாட்டன் வாழ்ந்தது ஸ்காட்லாந்து, இங்கிலாந்து எல்லையில். பல நூறு வருடம் இரண்டு ராஜாக்களின் படையும் மாறி மாறி மிதித்த மண், ஆடு மாடு கொள்ளை போகும் மண். அரசு வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை அங்கே எப்படி வரும்? உன் மானத்தை நீயே காத்துக்கொள், உன்னை மிதித்தால் என்ன ஆகும் என்பது நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாடத்தோடு கப்பல் ஏறினார்கள்.

ஆண்ட்ரூ ஜாக்சன் இந்தக் கூட்டத்துப் பிள்ளை. அப்பா அம்மா அல்ஸ்டரிலிருந்து வந்த இரண்டே வருடத்தில், 1767இல் பிறந்தவர். 1806இல் ஒரு குதிரைப் பந்தயத் தகராறில், மனைவியைப் பற்றித் தவறாகப் பேசினான் என்ற கோபமும் சேர்ந்துகொள்ள, துப்பாக்கிச் சண்டைக்குப் போனார். எதிராளியை முதலில் சுட விட்டு, குண்டை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, அப்புறம் நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டுக் கொன்றார். அந்தக் குண்டை நெஞ்சிலேயே சுமந்தபடிதான் 1829இல் ஜனாதிபதி ஆனார். இவரை எந்த உடன்படிக்கையில் அடக்குவீர்கள் அண்ணா?

---

அந்திவெயில் (சென்னை)

பென்சில்வேனியாவை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். எனக்குப் பிடித்த வேர் அதுதான்.

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஒரு சின்ன விஷயத்துக்காகச் சிறைக்குப் போனவர்கள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் நம்மைப் போலவே "நீ", "நீங்கள்" இரண்டும் இருந்தன. பெரிய இடத்து ஆளுக்கு "நீங்கள்", வேலைக்காரனுக்கு "நீ". கடவுள் முன்னால் எல்லோரும் சமம் என்றால் நாக்கிலும் அது இருக்க வேண்டும் என்று சொல்லி, குவேக்கர்கள் நீதிபதியையும் "நீ" என்றார்கள். தொப்பியையும் கழற்ற மாட்டோம் என்றார்கள். அடி, உதை, சிறை எல்லாம் பட்டார்கள். 1681இல் குவேக்கரான வில்லியம் பென்னுக்கு ராஜா எழுதிக் கொடுத்த பென்சில்வேனியாதான் அவர்களுக்குப் புகலிடமாயிற்று.

ஒரு தமிழ்க்காரருக்கு இதன் வலி உடனே புரியும். நீ, நீர், நீங்கள் என்பதில் எத்தனை தலைமுறை அவமானம் அடங்கியிருக்கிறது நம் மொழியில்! இன்றைய அமெரிக்க அலுவலகத்தில் மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குக் குவேக்கர்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. ஆனால் வணக்கம் வைத்து ஒடுங்குவதை ஒரு குற்றமாகவே பார்த்த மனிதர்கள் அந்த மண்ணில் ஒரு மாகாணத்தையே கட்டினார்கள் என்பது சாதாரண விஷயமில்லை. 1688இல் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்திட்டு அடிமை முறைக்கு எதிராக ஒரு மனு எழுதினார்கள். உங்களை யாராவது பிடித்து விற்றால் சம்மதிப்பீர்களா என்று கேட்கும் மனு. சொந்தச் சபையே அதை அன்று ஓரமாக வைத்துவிட்டது. பென்னே அடிமைகளை வைத்திருந்தவர். சபை உறுப்பினர் யாரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று முடிவெடுக்க 1776 ஆனது.

---

தென்றல்வழி (அட்லாண்டா)

எல்லாவற்றையும் படித்தேன். நாலு வேரும் வெள்ளைக்காரர் வேர்.

1619ஐ யாரும் சொல்லவில்லையே. அந்த வருடம் ஜூலை மாதக் கடைசியில் ஜேம்ஸ்டவுனில் மக்கள் பிரதிநிதிகளின் முதல் சபை கூடியது. ஆகஸ்டு கடைசியில், கொஞ்ச தூரத்தில், பாயிண்ட் கம்ஃபர்ட் துறையில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து உணவுக்கு விற்றார்கள். ஒரே கோடைகாலம். பனிக்காடு அண்ணா, கையெழுத்தால் வரும் சொந்தம் என்றீர்கள். நல்ல வார்த்தை. யாரிடம் கையெழுத்துக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 41 பேரில் ஒரு பெண் இல்லை. 1790 கணக்கெடுப்பில் 39 லட்சம் பேர், அதில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள்.

செவ்விந்தியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1831இல் சிறைச்சாலைகளைப் பார்வையிட பிரான்சிலிருந்து வந்த எழுத்தாளர் டொக்வில், அமெரிக்கர்கள் எதற்கெடுத்தாலும் சங்கம் சேர்வதைப் பார்த்து வியந்து எழுதியவர். எல்லோரும் அதை மேற்கோள் காட்டுவார்கள். அதே மனிதர் அந்த டிசம்பரில் மெம்ஃபிஸில் நின்று, சாக்டா இன மக்களை ஊரைவிட்டு மிசிசிப்பிக்கு அக்கரை அனுப்புவதைப் பார்த்தார். கடுங்குளிர், ஆற்றில் பனிக்கட்டி மிதக்கிறது. காயம்பட்டவர், நோயாளி, கைக்குழந்தை, சாகக் கிடக்கும் கிழவர் எல்லாம் அந்தக் கூட்டத்தில். அழுகைச் சத்தமே இல்லை என்று எழுதுகிறார். அவர்கள் ஏறிய பிறகு கரையில் நின்ற நாய்கள், தங்களை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று புரிந்ததும் ஊளையிட்டு, அந்தக் குளிர்ந்த நீரில் குதித்துப் படகின் பின்னே நீந்தின. இதற்குச் சட்டம் போட்டவர், ஏலகிரி தம்பி சொன்ன அதே ஜாக்சன். ஆண்டு 1830.

ஆனால் ஒன்று. சேர்ந்து கட்டும் அந்தக் கலையை இந்த நாட்டில் யாரைவிடவும் நன்றாகக் கற்றவர்கள் கறுப்பின மக்கள் என்று நான் நம்புகிறேன். ரிச்சர்ட் ஆலன் உழைத்துச் சேர்த்த காசில் தன் விடுதலையைத் தானே வாங்கியவர். ஃபிலடெல்ஃபியாவில் வெள்ளையரோடு ஒரே கோயிலில் மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தபோது, இது உங்கள் இடமில்லை என்று அவருடைய தோழர்களை இழுத்து எழுப்பினார்கள். கூட்டமாக வெளியே நடந்தார்கள். 1794இல் தங்கள் கோயிலைத் தாங்களே திறந்தார்கள். பள்ளி, ஈமச்சடங்கு நிதி, நோய் நிதி எல்லாம் அந்தக் கோயில்களைச் சுற்றியே வளர்ந்தன.

1955இல் மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. மேடைப் பேச்சால் மட்டும் 381 நாள் ஓடாது. பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான அன்று இரவே பெண்கள் அமைப்பினர் ஒரு கல்லூரியில் உட்கார்ந்து விடிய விடிய ஆயிரக்கணக்கில் துண்டுப்பிரசுரம் அச்சடித்தார்கள். யார் கார் எந்த முனையில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அட்டவணை போட்டார்கள். கோயில்கள் பணம் திரட்டி வண்டி வாங்கின. உங்கள் கிரேடர் கூட்டத்தில் இருக்கும் திறமைதான் அண்ணா, வாக்குரிமை மறுக்கப்பட்டவர்களிடம்.

---

பனிக்காடு

தென்றல்வழி, நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். விட்டது என் தவறு. என் வாதத்தை விட்டுவிடவில்லை, திருத்திக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போட்டுச் சேர்கிற சமூகத்துக்கு வேலி தானாகவே வந்துவிடுகிறது. பிறப்பால் வரும் சொந்தத்தில் எவ்வளவு கெட்டவனும் சித்தப்பாதான், கல்யாணத்துக்கு அழைத்தே ஆக வேண்டும். உடன்படிக்கையில் அப்படி இல்லை. ஒத்துவராதவனை வெளியே தள்ளலாம். பியூரிட்டன்கள் தங்கள் ஆட்களையே தள்ளினார்கள். மனசாட்சியில் அரசு தலையிடக் கூடாது, செவ்விந்தியரிடம் விலை கொடுக்காமல் நிலம் எடுக்க ராஜாவுக்கே உரிமை இல்லை என்றெல்லாம் பேசிய ரோஜர் வில்லியம்ஸைத் துரத்தினார்கள். அவர் பனியில் நடந்து தெற்கே போய் 1636இல் பிராவிடன்ஸ் என்ற ஊரைத் தொடங்கினார். வீட்டில் பெண்களைக் கூட்டி வேதம் பேசிய ஆன் ஹட்சின்சனை அடுத்து விரட்டினார்கள். மேரி டயர் என்ற குவேக்கர் பெண்மணியை, வராதே என்று சொல்லியும் திரும்பத் திரும்ப வந்ததற்காக 1660இல் பாஸ்டனில் தூக்கில் ஏற்றினார்கள். அந்திவெயில் சொன்ன குவேக்கர்களுக்கு நான் புகழ்ந்த ஊர்க்காரர்கள் செய்தது இது.

இங்கேதான் எனக்கு இன்னொன்று தெரிகிறது. ஒத்துவராதவன் என்ன செய்தான்? பெரும்பாலும் மண்டியிடவில்லை, கிளம்பிப் போய் இன்னொரு ஊர், இன்னொரு சபை தொடங்கினான். வில்லியம்ஸும் அதைத்தான் செய்தார், ஆலனும் அதைத்தான் செய்தார். இந்த நாட்டில் இத்தனை ஆயிரம் திருச்சபைப் பிரிவுகள் இருப்பதற்கும், வேலை பிடிக்கவில்லை என்றால் இரண்டு வாரம் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருத்தமில்லாமல் போவதற்கும் ஒரே மனநிலைதான் அடியில் இருக்கிறது. சேர்வதும் என் இஷ்டம், பிரிவதும் என் இஷ்டம். இதைத்தான் அண்ணன் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு "தனி ஆள்" என்கிறார்.

---

கல்தூண்

பிரிந்து போக இடம் வேண்டுமே! போகிற இடத்தில் நிலம் இருந்ததால்தானே அந்த இஷ்டம் செல்லுபடி ஆனது. 1893இல் சிகாகோவில் ஃபிரெடரிக் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் இதைத்தான் சொன்னார். அமெரிக்கனை உருவாக்கியது இங்கிலாந்து அல்ல, மேற்கே நகர்ந்துகொண்டே போன எல்லைக்கோடு என்றார். 1890 கணக்கெடுப்பு இனி அப்படி ஒரு கோடு இல்லை என்று அறிவித்திருந்த நேரம்.

ஆனால் அந்தக் கோட்டை நகர்த்தியது கோடரி பிடித்த தனி மனிதன் மட்டுமல்ல. 1862 சட்டம் ஆளுக்கு 160 ஏக்கர் தந்தது, 5 வருடம் குடியிருந்து உழுதால் சொந்தம். மொத்தமாகச் சுமார் 27 கோடி ஏக்கர் இப்படிப் போனது. அந்த நிலத்தைக் காலி செய்து கொடுத்தது அரசாங்கத்தின் படை. அளந்தது அரசாங்கத்தின் சங்கிலி. ரயில் போட மானியமும் அரசாங்கம்தான். தன் கையாலேயே எல்லாம் செய்தேன் என்று பேரனிடம் சொன்ன தாத்தா பொய் சொல்லவில்லை, உழுதது அவர்தான். ஆனால் கதையில் பாதியை விட்டுவிட்டார். அந்தப் பாதியை விட்டதில்தான் இன்றைய அமெரிக்க அரசியலில் பெரும்பகுதி நிற்கிறது என்பது என் எண்ணம்.

---

பனங்கூடல் (யாழ்ப்பாணம், இப்போது மாசசூசெட்ஸ்)

இந்த இழையில் எழுத எனக்கு ஒரு உரித்து இருக்கிறது. பனிக்காடு அண்ணை சொல்கிற அந்த நியூ இங்கிலாந்து (வடகிழக்கு மாநிலங்கள்) குணம் எங்கட ஊருக்கு 1816இலேயே வந்துவிட்டது.

பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கம் 1810இல் தொடங்கியது. முதலில் கல்கத்தாவுக்கு ஆள் அனுப்பினார்கள், கிழக்கிந்தியக் கம்பெனி நிற்கவிடவில்லை. இலங்கையில் ஆங்கில ஆளுநர் வடக்கு மூலையைக் காட்டினார். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை என்று இடிந்து கிடந்த பழைய கோயில் வளவுகளில் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் கல்தூண் ஐயா சொன்ன அந்த 1647 சட்டத்தின் பேரப்பிள்ளைகள். வேதம் படிக்க வேண்டும் என்றால் எழுத்துத் தெரிய வேண்டும். அதனால் கோயில் கட்டி முடிக்கும் முன்பே மரத்தடியில் பள்ளிக்கூடம். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி. 1820இலேயே அச்சுக்காரர் ஒருவரையும் அனுப்பிவிட்டார்கள், ஆங்கில அரசு அவரைத் தங்கவிடாமல் திருப்பி அனுப்பியது. பெர்க்லி ஆளுநர் அச்சகம் இல்லாததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னதைப் படித்ததும் எனக்கு இது நினைவுக்கு வந்தது. பிறகு அச்சகமும் வந்தது. 1841இல் உதயதாரகை பத்திரிகையும் வந்தது.

அவர்கள் வந்தது மதம் மாற்ற. அதை மறைக்கத் தேவையில்லை. எங்கட ஆட்கள் அந்தப் பாடத்தில் வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். செமினரியில் படித்த சி.வை.தாமோதரம்பிள்ளை 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பிறகு சைவராகவே வாழ்ந்து, கறையான் அரித்த ஏடுகளைத் தேடி, கலித்தொகையை அச்சில் ஏற்றினார். ஆறுமுக நாவலர் மிஷன்காரரை எதிர்க்க எடுத்த கருவிகள் எவை? பள்ளிக்கூடம், அச்சகம், மேடைப் பிரசங்கம். தென்றல்வழி அக்கா கேட்ட கேள்வியும் எங்களுக்குண்டு. அந்தச் செமினரியில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளாளப் பிள்ளைகள். கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை.

மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். மாசசூசெட்ஸில் வுஸ்டர் ஊர்க்காரர். 1847இல் வந்து, பிறகு மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். மருத்துவத்தை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தால் படித்தவன் பட்டணத்துக்குப் போய்விடுவான், கிராமத்தில் நிற்க மாட்டான் என்று கண்டார். தானே தமிழ் படித்தார். உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம், இரசாயனம் என்று மாணவர்களோடு இருந்து நூல்களைத் தமிழாக்கினார். ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் சண்டை பிடித்து ஒரு தமிழ்ச்சொல் தேடினார்கள். 30 பேருக்கு மேல் முழுக்கத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் படித்து வெளியே வந்தார்கள். நூற்றைம்பது வருடம் முன்பு! இன்றைக்குத் தமிழில் மருத்துவம் முடியுமா என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

வுஸ்டரில் அவர் கல்லறைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். சின்னக் கல். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று அதில் ஆங்கிலத்தில் இருக்கிறது. பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்த ஒரு அம்மா, தமிழர் என்றால் யார் என்று என்னிடம் கேட்டார். புல்லில் உட்கார்ந்து அரை மணி நேரம் சொன்னேன்.

---

ஏலகிரி

பனங்கூடல், இது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி. தனிப்பதிவாகவும் எழுதுங்கள், கலைச்சொற்கள் பற்றி மட்டுமாவது.

---

தென்றல்வழி

கிறீன் ஐயா கதைக்குப் பிறகு இதைச் சொல்ல மனசில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். நான் செவிலியர். அட்லாண்டாவுக்கு வருமுன் ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன்.

அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டிய ஒருவருக்குப் புற்றுநோய். காப்பீடு பாதிக்குத்தான் வந்தது. ஊர் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஸ்பகெட்டி விருந்து வைத்தார்கள். தலைக்கு 10 டாலர். ஒருவர் சாஸ் கிளறுகிறார், ஒருவர் ரொட்டி சுட்டு வருகிறார், பிள்ளைகள் தட்டு எடுக்கிறார்கள். வரிசை சாலைவரை நின்றது. நானும் நின்றேன். கண்ணீர் வந்தது எனக்கு, அத்தனை அன்பு. பனிக்காடு அண்ணா சொல்லும் அமெரிக்கா அதுதான், பொய்யில்லை.

அதே மாதம் அதே நோயோடு இன்னொருவர் எங்கள் வார்டில் இருந்தார். வேலை தேடி வேறு மாநிலத்திலிருந்து வந்து நாலு மாதம்தான். எந்தக் கோயிலிலும் சேரவில்லை, எந்தக் குழுவிலும் இல்லை. அவருக்கு விருந்து வைக்க யாருமில்லை. அடுத்த முறை வரவேண்டிய தேதியில் அவர் வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை.

1945இல் ஜனாதிபதி ட்ரூமன் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீட்டை முன்வைத்தார். மருத்துவர் சங்கம் எதிர்த்துப் பிரசாரம் செய்தது, நாடாளுமன்றம் கைவிட்டது. 1965இல் முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் கிடைத்தது. மற்றவர்களுக்கு இன்னும் வேலையையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்ததுதான். நாங்களே பார்த்துக்கொள்வோம், அரசு வேண்டாம் என்ற அந்தப் பெருமையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று அந்த வார்டில் பார்த்தேன். விருந்து வைத்த கைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விருந்தை நம்பி ஒரு நாடு இருப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

---

அந்திவெயில்

அந்த இரண்டாவது மனிதரைப் படித்த பிறகு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பனிக்காடு, ஒரு கேள்வி. 14 வருடம் அந்த ஊர்க்கூட்டத்துக்குப் போகிறீர்கள். நீங்கள் பேசியிருக்கிறீர்களா?

---

பனிக்காடு

நல்ல கேள்வி. 12 வருடம் பேசவில்லை. பேச முடியாது. வாக்காளர் அல்லாதவர்களுக்கு எங்கள் ஊரில் பக்கவாட்டில் தனி வரிசை நாற்காலி. கூட்டம் அனுமதித்தால்தான் வாய் திறக்கலாம். தென்றல்வழி சொன்ன வேலியை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன்தான் நானும். எனக்கு அது குடியுரிமைக் காகிதம் வரும்வரைதான் என்று தெரியும், அந்த ஒஹையோ மனிதருக்கு அப்படி ஒரு நம்பிக்கை இல்லை. இரண்டையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன்.

ஆனால் தென்றல்வழி, எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்திலும் சம்பளம் வாங்குபவர் ஒருவர்கூட இல்லை. நாட்டில் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தன்னார்வலர்கள்தான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிவைத்த வழக்கம். அவர்கள் வரும்போது யார் வீடு, எந்தச் சபை, வந்து எத்தனை மாதம் என்று கேட்பதில்லை. தீக்குச் செய்வதை நோய்க்குச் செய்ய ஏன் முடியவில்லை என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இந்த முறை ஊர்க்கூட்டத்தில் அதைத்தான் கொஞ்சம் கேட்டேன்.

போன வருடம் குடியுரிமை வந்து முதல்முறை நடு வரிசையில் உட்கார்ந்தேன், பேசத் தைரியம் வரவில்லை. இந்த வருடம் கிரேடர் முடிந்த பிறகு, வீட்டோடு முடங்கிய முதியவர்களைப் பார்க்கப் போகும் செவிலியர் சேவைக்கு ஊர் தரும் தொகை வந்தது. 4,000 டாலர். அதை 6,000 ஆக்க வேண்டும் என்று எழுந்து நின்றேன். கை நடுங்கியது. பால் பண்ணைக்காரர்தான் வழிமொழிந்தார். குரல் வாக்கெடுப்பில் தெளிவாகத் தெரியாமல், எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். 11 வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

பேசத் தொடங்கும் முன் கூட்டத்தை நடத்துபவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். மேசையில் குறிப்பெழுதும் ஊர் எழுத்தர் நிமிர்ந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லும்படி கேட்டார். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அதை அவர் எப்படி எழுதினார் என்று அடுத்த ஆண்டறிக்கை வந்தால் பார்த்துச் சொல்கிறேன்.